பச்சையில் நின்ற பக்கம்

செப்டம்பர் 22, திங்கள்

சங்கக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கஸ்பார் மாமா கேட்டுவிட்டார். “ஏம்மா ஹில்டா, உன் பக்கம் தொறக்கதுக்குள்ள போன வள்ளம் கரைக்கு வந்துரும் போலயே?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

சிரிக்கிற விஷயமில்லை என்பது அவருக்கும் தெரியும். போன வியாழன் காற்று திடீரென்று மாறியபோது, சுற்றுவட்டாரக் கரைகளில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போனில் ‘கடல்சேதி’ இணையப் பக்கத்தைத் திறந்தார்கள். பக்கம் வரவில்லை. வெள்ளையாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. வடக்குக் கரையில் இரண்டு வள்ளங்கள் காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளம்பிப் போய், வலையைக் கடலோடு வெட்டி விட்டுவிட்டு உயிரோடு திரும்பின. அந்தப் பக்கத்தை உருவாக்கியவள் நான். நடத்துகிறவளும் நான்தான். சிப்பிமுனை நாட்டுப்படகு மீனவர் சங்கத்தில் கணினி வேலை பார்க்கிற ஒரே ஆள்.

பக்கத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. மேலே ஒரு பட்டை. பச்சை என்றால் போகலாம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் போகாதீர். வானிலை அறிக்கை வந்ததும் படித்து, சங்கச் செயலாளரான கஸ்பார் மாமாவுக்குப் போன் போட்டு, அவர் சரி என்றதும் நிறத்தை மாற்றுவேன். கீழே காற்று, அலை, படங்கள், மீன் விலை.

கூட்டம் கலைந்து வெளியே வந்ததும் மாமா குரலைத் தாழ்த்தினார். “வாடை தொடங்குறதுக்குள்ள ஏதாவது செஞ்சிரும்மா. ஐப்பசில இப்படி நின்னுதுன்னா வலையோட போகாது.”

வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். ரொமால்ட் அண்ணன் சட்டையில் டீசல் வாசம் போகவே மாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 25, வியாழன்

தேடிப் பார்த்ததில் வழி ஒன்றுதான். சிடிஎன். உள்ளடக்க விநியோக வலையமைப்பு என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள். சொல்வதற்குள் மூச்சு வாங்குகிறது.

சாயங்காலம் மைனி, ரொமால்ட் அண்ணனின் மனைவி, நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன். நம் பக்கம் இருக்கிற சர்வர் எங்கோ வெளிநாட்டில் இருக்கிறது. சிப்பிமுனையில் ஒருத்தர் போனைத் தட்டினால் அங்கே போய் எடுத்துவர வேண்டும். ஆயிரம் பேர் தட்டினால் அது திணறிவிடும். இந்தக் கம்பெனிக்காரர்கள் நம் பக்கத்தை நகல் எடுத்து ஊர் ஊராகத் தங்கள் சர்வர்களில் வைத்திருப்பார்கள். யார் தட்டினாலும் பக்கத்து ஊரிலிருந்தே வந்துவிடும்.

“நம்ம மீன் மார்க்கெட்ட நம்ம தெருவுக்கே கொண்டாந்த மாதிரி” என்றாள் சலேத் மைனி.

“ஆமா மைனி. ஆனா ஒண்ணு, நான் இங்க நெறத்த மாத்துனா, அந்த நகல் எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசு எடுக்கச் சொல்லணும். அதத்தான் முக்கியமா பாக்கணும்.”

“என்னமோ பாரு. அந்த வாளிய இங்கிட்டு தள்ளு.”

செப்டம்பர் 30, செவ்வாய்

மூன்று கம்பெனிகள் தேறின. ஒன்று, உலகம் முழுக்க இருக்கிற பெரிய வெளிநாட்டுக் கம்பெனி. நல்ல பெயர். ஆனால் எங்கள் கரையில் முக்கால்வாசிப் பேர் வைத்திருக்கிற சிம்முக்கு அது எங்கெங்கோ சுற்றிக்கொண்டு வருகிறது. இரண்டாவது, பெங்களூரின் ‘துணைவலை’. எந்த நகலை எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்று ஒவ்வொன்றையும் நாமே வரையறுக்கலாம். ஆனால் போன் செய்தால் எடுப்பதில்லை. மின்னஞ்சலுக்கு மறுநாள் பதில் வருகிறது. மூன்றாவது, சென்னையின் ‘அலைவழி’. மதுரையிலேயே அவர்களுக்கு சர்வர் இருக்கிறது. நிரஞ்சன் என்று ஒருவர், முதல் மணியிலேயே எடுத்தார். தமிழில் பேசினார். அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

அக்டோபர் 3, வெள்ளி

ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் ஆள் ஆளாகப் போனை இரவல் வாங்கி மூன்றையும் சோதித்தேன். மீன் வாங்க வந்தவர்கள் எல்லாம் என்னை வேடிக்கை பார்த்தார்கள். “இந்தப் பிள்ள என்ன, டவர் பிடிக்கா?” என்றார் ஒரு பெரியவர்.

அலைவழிதான் வேகம். சந்தேகமே இல்லை. துணைவலை ஒரு மூச்சு தாமதித்தது. வெளிநாட்டுக்காரன் இன்னும் தாமதம்.

ரொமால்ட் வலையைக் கீழே போட்டுவிட்டு வந்து என் கையிலிருந்த போனைப் பிடுங்கித் தட்டினான். “ஏட்டி! தொடதுக்கு முன்னாடியே தொறக்குட்டி!” பிறகு கரையில் இருந்த எல்லாரிடமும் போனை நீட்டி, “எந் தங்கச்சி செஞ்சது, பாத்துக்கிடுங்க” என்று சொல்லிக்கொண்டே போனான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் இன்னும் எதையும் செய்யவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

நிரஞ்சனுடன் பேச்சு நீண்டுவிட்டது. நான் கேட்டிருந்த கேள்விகளைப் பார்த்துவிட்டு, எங்கே படித்தேன், எவ்வளவு வருஷ அனுபவம் என்று விசாரித்தார். “உங்களை மாதிரி ஆள்தான் எங்க டீம்ல இல்ல மேடம்” என்றார். விற்கிறவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். இதை இங்கே எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

வேளச்சேரியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதிகள் நிறைய இருக்கின்றன. சும்மா பார்த்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

இன்று நகலை அழிக்கும் சோதனை. அலைவழியில் பச்சைப் பட்டையோடு ஒரு சோதனைப் பக்கம் வைத்து, பிறகு சிவப்பாக்கி, பழைய நகலை அழிக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். என் போனில் உடனே சிவப்பு. அலுவலகக் கணினியில் சிவப்பு. கஸ்பார் மாமா போனிலும் சிவப்பு.

மைனி போனில் மட்டும் பச்சை. சமைத்து முடித்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வந்து பார்த்தபோதும் பச்சை.

நிரஞ்சனைக் கூப்பிட்டேன். “அது அந்த போனோட கேஷா இருக்கும் மேடம். பழைய போனா?” பழைய போன்தான். திரையில் கீறல், பொத்தான் ஒன்று வேலை செய்யாது. போனே பழைய பக்கத்தைத் தனக்குள் வைத்துக்கொண்டு காட்டுவது உண்டு. அப்படித்தான் இருக்க வேண்டும்.

மைனியிடம் இருப்பது கரையில் முக்கால்வாசிப் பேர் வைத்திருக்கிற சிம், எனக்கும் மாமாவுக்கும் வேறு கம்பெனி. மைனியின் அதே சிம் ரொமால்டிடமும் இருக்கிறது. அவன் போனில் ஒருமுறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கடலுக்குப் போய்வந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பப் பாவமாக இருந்தது.

நாளை மாமாவிடம் முடிவைச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 11, சனி

“மூணுல எது?” என்றார் மாமா.

“அலைவழி.”

“ஏன்?”

“வேகம் மாமா. பிறகு, ஒரு பிரச்சினைன்னா உடனே போன எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.”

இரண்டும் உண்மை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “நீ சொன்னா சரிதான்” என்றார். எதையும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அக்டோபர் 16, வியாழன்

அலைவழிக்கு மாறியாயிற்று. பக்கம் பறக்கிறது. வடக்குக் கரையிலிருந்து இரண்டு பேர் போன் செய்து பாராட்டினார்கள். மதியம் மைனி குழம்பில் உப்பில்லை என்று மாவடு எடுத்து வைத்தாள். எனக்கு ருசியே தெரியவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

நிரஞ்சனின் மேலதிகாரி ஒருவர் பேசினார். பேட்டி என்று சொல்ல முடியாது, பேச்சுதான். மொட்டை மாடிக்குப் போய் நின்று பேசினேன். யார் என்று மைனி கேட்டதற்குச் சங்க விஷயம் என்றேன். ஒருவகையில் அதுவும் சரிதானே.

எங்கள் ஒப்பந்தத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நான் முடிவைச் சொன்னது பதினொன்றாம் தேதி. இந்தப் பேச்சு நடந்தது இன்று. வேண்டுமானால் யாரும் தேதியைப் பார்த்துக்கொள்ளலாம்.



அக்டோபர் 30, வியாழன்

மழை பிடித்துக்கொண்டது. இந்த வாரம் மூன்று நாள் சிவப்பு. காலையிலேயே மாற்றிவிட்டதால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒரு வள்ளமும் இறங்கவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நிறத்தை மாற்றியதும் கை போனைத் தேடுகிறது. திறக்கிறேன், மூடுகிறேன், மறுபடி திறக்கிறேன். சோறு வடிக்கும்போதும், பல் தேய்க்கும்போதும். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் மாதிரி எப்போதும் போனோடு திரிகிறாய் என்று ரொமால்ட் கேலி செய்கிறான்.

மைனியின் போனை மட்டும் வாங்கிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும்.

நவம்பர் 8, சனி

சென்னையிலிருந்து வேலைக்கான கடிதம் வந்துவிட்டது. ஜனவரியில் சேரச் சொல்கிறார்கள். பதில் சொல்ல மாதக் கடைசி வரை நேரம்.

யாரிடமும் சொல்லவில்லை. ரொமால்ட் இன்று பெரிய பாரை ஒன்றை எனக்கென்று தனியாக எடுத்துக்கொண்டு வந்திருந்தான். தலையை நீயே தின்னு என்றான். தின்றேன்.

நவம்பர் 12, புதன்

புதுப் பெட்டி ஒன்று வாங்கினேன். பழைய பெட்டியின் சக்கரம் உடைந்துவிட்டது என்று மைனியிடம் சொன்னேன். “எங்க போகப் போற?” என்றாள். “எங்கயும் இல்ல மைனி.” அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

நவம்பர் 18, செவ்வாய்

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் எழுதுகிறேன். ரொமால்ட் இன்னும் வரவில்லை.

காலை அறிக்கை நன்றாக இருந்தது. பச்சை போட்டேன். ராத்திரி வலை போடுகிற பருவலைக்காரர்கள் மதியத்துக்கு மேல் இறங்கி மறுநாள் காலையில் திரும்புவார்கள், ரொமால்டும் அப்படித்தான். மதியம் வந்த அறிக்கையில் எல்லாம் மாறியிருந்தது. சாயங்காலத்திலிருந்து காற்று வேகமாக ஏறும், யாரும் இறங்க வேண்டாம் என்றது. உடனே மாமாவைக் கூப்பிட்டேன். “செவப்பப் போடு” என்றார். போட்டேன். நகல்களை அழிக்கச் சொன்னேன். ‘வெற்றி’ என்று பதில் வந்தது. என் போனில் சிவப்பு. கணினியில் சிவப்பு. சாப்பிட உட்கார்ந்தேன்.

மைனி போன் செய்தாள். “வரும்போது கருவேப்பில வாங்கிட்டு வா. அவிய போயாச்சு, நமக்கு மட்டுந்தான் ராத்திரிக்கு.”

“போயாச்சா? எங்க போயாச்சு? செவப்புல்லா போட்டிருக்கேன்!”

“இல்லையே. பச்சையாத்தான இருந்துச்சு. அவியளும் பாத்துட்டுத்தான் போனாவ.” போனைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, “இந்தா இப்பவும் பச்சைதான் ஹில்டா.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. சோதனையன்று மைனி போனில் நின்ற அதே பச்சை. 

மறுபடி அழிக்கச் சொன்னேன். வெற்றி. மறுபடி. வெற்றி. அலைவழியையே துண்டித்துப் பழைய சர்வருக்குத் திருப்பினேன். அந்த மாற்றம் எல்லாருக்கும் போய்ச் சேர நேரமாகும். நிரஞ்சன் முதல் மணியில் எடுத்தார். “டேஷ்போர்டுல எல்லாம் கிரீனா இருக்கே மேடம்” என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

கஸ்பார் மாமா கோயில் மைக்கில் அறிவிக்கச் சொல்லிவிட்டு வயர்லெஸ்ஸில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எண்ணாகப் போன் போட்டேன். கரையை விட்டு அதிக தூரம் போகாதவர்களுக்கு மணி அடித்தது. ஒவ்வொரு வள்ளமாகத் திரும்பியது. ரொமால்டின் போனுக்கு மட்டும் தொடர்பே கிடைக்கவில்லை. வயர்லெஸ்ஸில் ஒருமுறை கிடைத்தான். “ரொமால்டு, திரும்பு! காத்து ஏறுது, திரும்பு!” என்று மாமா கத்தினார். “சரி மாமா, ஒரு நிமிசம் பாத்துட்டு வாறேன்” என்றது அவன் குரல். அதற்குப் பிறகு இரைச்சல்தான்.

இருட்டுவதற்குள் மற்ற எல்லா வள்ளங்களும் கரையேறிவிட்டன. அவனும் அவன் கூட்டாளி லாசரும் மட்டும் வரவில்லை. காற்று ஏறிவிட்டது. தகரக் கூரைகள் அடித்துக்கொள்கின்றன. மைனி முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் அந்த அறைக்குள் போகவில்லை.

நவம்பர் 19, புதன்

வந்துவிட்டார்கள்.

கடலோரக் காவல் படகு இழுத்துக்கொண்டு வந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறி நின்றுவிட்டதாம். அலையில் வள்ளம் புரண்டபோது லாசரின் வலது கை வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கையைத் துணியால் சுற்றியிருந்தார்கள். துணி கறுத்திருந்தது. லாசரின் மனைவி ஆரோக்கியம் ஆம்புலன்ஸில் ஏறும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. மைனி ரொமால்டின் மார்பில் இரண்டு கையாலும் அடித்து அழுதாள். அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கும்போது நான்தான் கேட்டேன். “மாமா திரும்பச் சொன்னாவல்லா? ஏன் திரும்பல?”

“திரும்பத்தான் நெனச்சேன்.” உதடெல்லாம் வெடித்திருந்தது. “மாமா சில நேரம் சும்மாவே பயப்படுவாரு, தெரியும்லா. அப்ப ஒரு நிமிசம் சிக்னல் கெடச்சுச்சு. உன் பக்கத்தத் தொறந்தேன். பச்சையா இருந்துச்சு.”

நான் கரண்டியைச் சட்டியில் வைத்தேன்.

“மாமா சொல்லுறது ஒண்ணு, நீ போட்டிருக்கது ஒண்ணு. நீ தப்பாப் போட மாட்டேன்னு இன்னுங் கொஞ்சம் உள்ள போனேன்.” கஞ்சியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். கோபமே இல்லை. “மிசினு பழுதுதானட்டி. நீ என்ன செய்வ?”

நவம்பர் 20, வியாழன்

லாசருக்கு இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் ஆரோக்கியம் அக்கா உட்கார்ந்திருந்தார். நான் கொண்டுபோன பிளாஸ்க்கை வாங்கவில்லை. தரையில் வைத்துவிட்டு வந்தேன்.

வந்ததும் ரொமால்டின் போனைக் கேட்டு வாங்கினேன். அக்டோபரில் செய்யாமல் விட்ட சோதனையைச் செய்தேன். பச்சை போட்டு, சிவப்பாக்கி, அழிக்கச் சொல்லி. பச்சையாகவே நின்றது. மைனியின் போனிலும் அதேதான். போனில் கோளாறு எதுவுமில்லை. எங்கள் கரையின் சிம்முக்குப் பக்கத்தைக் கொடுக்கிற மதுரை சர்வருக்கு அழிக்கிற கட்டளை போய்ச் சேர்வதே இல்லை. சில மணி நேரம் கழித்து நகல் தானாகக் காலாவதியானால்தான் புதுசு வருகிறது; போன மாதம் காலையிலேயே போட்ட சிவப்பு அப்படித்தான் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

“ஆமா மேடம், மதுரைல ஒரு சின்ன இஷ்யூ இருந்திருக்கு. சரி பண்ணிட்டோம்” என்றார் நிரஞ்சன். குரல் வழக்கம்போல இனிமையாக இருந்தது. “ஜாயினிங் பத்தி முடிவு பண்ணிட்டீங்களா?”

நவம்பர் 21, வெள்ளி

இன்று ஒரு வேலையும் ஓடவில்லை.

நவம்பர் 22, சனி

மாமா வீட்டுக்கே போனேன். அவர் வாசலில் நின்று ரேடியோவின் பாட்டரியை மாற்றிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். சோதனையில் மைனியின் போன் பச்சையாக நின்றதையும், அதை நான் தட்டிக்கழித்ததையும். பிறகு சென்னை வேலையையும்.

அவர் பாட்டரியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

“அப்ப உனக்குத் தெரியும்?”

“தெரியும்னு இல்ல மாமா… தெரிஞ்சிருக்கணும்.”

“வேல தாறோம்னு சொன்னதால அவங்களச் சொன்னியா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒன்றரை மாதமாக அதைத்தானே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

“அதுவும் இருக்கும் மாமா” என்றேன்.

மாமா பாட்டரியை ரேடியோவில் போட்டு மூடினார். உள்ளே மாமி ஏதோ பாத்திரத்தைக் கீழே போட்டார். நான் போய்விடலாமா என்று நினைத்தபோது, “மொத்தக் கரையும் உன் நெறத்தப் பாத்துட்டுத்தானம்மா எறங்குது” என்றார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நான் நின்னுக்கிடுறேன் மாமா. வேற ஆள் பாருங்க.”

“நிக்கறதெல்லாம் பெறகு. போறதுன்னா சரி பண்ணிட்டுப் போ.”

லாசர் வீட்டுக்கு நானே போய்ச் சொல்ல வேண்டும் என்றார். போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வந்திருந்த ஆரோக்கியம் அக்கா முழுவதையும் கேட்டார். பிறகு, “சரி, போ” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

நவம்பர் 24, திங்கள்

மைனியிடம் சென்னையைப் பற்றிச் சொல்லலாம் என்று அடுப்படிக்குப் போனேன். “எனக்குத் தெரியும்” என்றாள், தேங்காயைத் துருவிக்கொண்டே. “மொட்ட மாடில நின்னு பேசுனா கீழ கேக்காதுன்னு நெனச்சியா? எல்லாத்தயும் கத்திக் கத்தித்தான பேசுன.”

“அண்ணன்ட்ட சொன்னீங்களா?”

“நீ சொல்லுவன்னு இருந்தேன்.”

ராத்திரிச் சாப்பாட்டின்போது அண்ணனிடம் சொன்னேன். வேலை, சோதனை, எல்லாம். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சாப்பிடாமல் எழுந்து கையைக் கழுவிவிட்டு வெளியே போனான். ஆஸ்பத்திரிக்கு, லாசரிடம். மிஷின் பழுது என்று என்னிடம் சொன்னதை அங்கேயும் சொல்லியிருப்பான் போலும். அதைத் திருத்தப் போயிருக்கிறான் என்று மைனி சொன்னாள்.

நவம்பர் 27, வியாழன்

துணைவலைக்கு மாறுகிறேன். இந்தமுறை எதிலும் அவசரப்படவில்லை. படம், மீன் விலை, அலங்காரம் எல்லாவற்றின் நகலையும் அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். அந்த ஒரு பட்டையை மட்டும் யாரும் நகல் எடுக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் நம் சர்வரிலிருந்தே வர வேண்டும். சின்ன விஷயம் என்பதால் எத்தனை பேர் கேட்டாலும் அது தாங்கும். பட்டைக்குக் கீழே எப்போது போட்டது என்று பெரிய எழுத்தில் நேரம். நேரம் பழசாகிவிட்டால், அல்லது சர்வரிலிருந்து பதில் வராவிட்டால், நிறமே காட்டாமல் ‘இது பழைய செய்தி, நம்ப வேண்டாம், சங்கத்துக்குப் போன் செய்யுங்கள்’ என்று கறுப்பில் வரும்.

இதை அக்டோபரிலேயே செய்திருக்கலாம். பெங்களூர்க்காரர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்கு மறுநாள்தான் பதில் வந்தது. பதில் சரியாக இருந்தது.

நவம்பர் 29, சனி

கரையில் இருந்த ஒவ்வொரு சிம்மிலும் சோதித்தேன். போனைக் கேட்டால் சிலர் கொடுத்தார்கள். சிலர் கொடுக்கவில்லை. ஏலக்கூடத்தில் நான் வந்ததும் ஒரு பேச்சு நின்றது.

எல்லாப் போனிலும் நிறம் மாறியது. பழையதைவிட ஒரு மூச்சு தாமதம்.

நவம்பர் 30, ஞாயிறு

சென்னைக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். காரணம் கேட்டு நிரஞ்சன் போன் செய்தார். எடுக்கவில்லை.

போகாமல் இருப்பதால் நான் நல்லவள் ஆகிவிட மாட்டேன் என்று தெரியும். இப்போது போக முடியாது, அவ்வளவுதான். பின்னால் போவேனோ என்னவோ.

டிசம்பர் 3, புதன்

மதிய அறிக்கையில் காற்று. மாமாவிடம் கேட்டுச் சிவப்பு போட்டேன். போட்டுவிட்டு அலுவலகத்தில் இருக்க முடியவில்லை. கரைக்கு நடந்தேன்.

வெயில் பளீரென்று இருந்தது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அமைதி. இப்படி ஒரு நாளில் போகாதே என்றால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். வள்ளங்களில் வலையும் ஐஸும் ஏற்றியாகிவிட்டது. ஆண்கள் அங்கங்கே போனைப் பிடித்துக்கொண்டு பக்கம் திறக்கக் காத்திருந்தார்கள். ரொமால்ட் தன் வள்ளத்தில் சாய்ந்து நின்று போனைப் பார்த்தான். பிறகு மற்றவர்களின் போன்களையும் எட்டிப் பார்த்தான். ஐஸ் பெட்டியை இறக்க ஆரம்பித்தான். பத்து நாளாக அவன் என்னோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை.

ஆரோக்கியம் அக்கா மணலில் நடந்து வந்துகொண்டிருந்தார். லாசருக்குப் பதிலாக அக்காவின் தம்பிதான் இப்போது வேறொரு வள்ளத்தில் போகிறான். அவன் ஏற்கெனவே இடுப்பளவு தண்ணீரில் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு நின்றான். அக்கா நேராக என்னிடம் வந்தார். அன்று கதவைச் சாத்தியதற்குப் பிறகு இப்போதுதான் என் முகத்தைப் பார்க்கிறார். போனை நீட்டினார்.

“செவப்புன்னு காட்டுது.”

“ஆமாக்கா.”

“மணியும் போட்டிருக்கு.”

“இப்ப போட்டதுதான்க்கா. கீழ பாருங்க, மணி…”

“அது கெடக்கட்டும்.” போனை மடியில் செருகிக்கொண்டார். “நீ சொல்லு.”

நான் கடலைப் பார்த்தேன். அதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அறிக்கையின் வரிகளை மனதுக்குள் இன்னொருமுறை படித்தேன்.

“போக வேண்டாம்க்கா.”

அவர் தண்ணீர்ப் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூப்பிட்டார்.

“ஏலே, ஏறி வாலே! ஹில்டா போக வேண்டாம்னு சொல்லுதா!”